ஐந்தாவது பசி

பொழுது விடிந்ததும் விடியாததுமாக ஜெய்னுலாப்தீன் கரையிலிருந்து திரும்பிவிட்டார். கையில் ஓலைக் கொட்டான். அதற்குள் ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு பால்சுறாக் குட்டிகள்.

“நாப்பதாம் நாளும் விடலியா நீங்க?” என்று சிரித்தபடி மைமூன் பீவி கொட்டானை வாங்கிக்கொண்டாள். விருந்தாளி வருகிற நாளில் வேறு மீன் அகப்படவில்லையா என்றும் கேட்டாள். விருந்தாளிக்கு வாங்குவது வேறு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வாங்குவது வேறு என்று சொல்லிவிட்டு, அவர் கைலி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

உள்ளறையில் படுத்திருந்த ரஹீமாவுக்கு எல்லாம் கேட்டது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் யாராவது ஒரு நாளாவது தன்னைத் திட்டியிருந்தால் இத்தனை கூச்சமாக இருந்திருக்காது என்று நினைத்தாள்.

திட்டத்தான் ஆளில்லை. மணமேல்குடியில் தாய் முகம் பார்க்காமல் வளர்ந்தவள் ரஹீமா. பிரசவம் பார்க்கப் பெண்பிள்ளை இல்லாத வீடு என்பதால், தலைப்பிரசவத்துக்கு அவள் பிறந்தகம் போகவில்லை. ஜெகதாப்பட்டினத்தில் மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டாள். கணவன் பசீர் கொழும்பில் கடை வேலையில் இருந்தான். அவன் இல்லாத குறையே தெரியாமல் மாமனார் ஜெய்னுலாப்தீனும் மாமியார் மைமூன் பீவியும் அவளைத் தாங்கினார்கள். அந்த வீட்டு மகள் ரம்லத்தும் அதே சமயம் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பிறந்தது ஆண், சாகுல். அவன் பிறந்து இருபதாம் நாள் ரஹீமாவுக்குப் பெண், ஹபீபா. ஒரே உத்தரத்தில் இரண்டு தூளி ஆடின.

ஹபீபாவுக்கு ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைத்தார்கள். அந்தச் சந்தோஷத்தில் ஜெய்னுலாப்தீன் நாலு பேர் நடுவில் ஒரு சொல் சொல்லிவிட்டார். மகன் பெற்ற பேத்தி, மகள் பெற்ற பேரனுக்கு. அந்தச் சொல் அம்மாப்பட்டினம் வரைக்கும் போயிற்று.

அம்மாப்பட்டினம் ரம்லத் புகுந்த ஊர். அவள் கணவன் சேக் அலாவுதீனுக்கு அவன் தாய் தன் தம்பி மகளை நினைத்து வைத்திருந்தாள். அது நடக்காத கோபத்தில், கல்யாணம் முடிந்து இரண்டு வருஷமாகச் சம்பந்தி வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. பேரன் பிறந்ததற்குக்கூட ஆள் அனுப்பித்தான் விசாரித்தாள். ஜெய்னுலாப்தீனின் சொல்லைக் கேட்டதும் அந்த மனம் இளகிவிட்டது. திங்கள்கிழமை அலாவுதீன் நாகப்பட்டினத்தில் மலாயாக் கப்பல் ஏறுகிறான்; திரும்பிவர மூன்று வருஷம் ஆகும். அதற்கு முன்னால் ஹபீபாவின் கழுத்தில் ஒரு சங்கிலியைப் போட்டு, பாத்திஹா ஓதிப் பேச்சை உறுதிப்படுத்த அவள் இன்றைக்கு மகனோடு வருகிறாள்.

வீடு வெள்ளையடித்துப் புதிதாக இருந்தது. ரஹீமாவுக்குத்தான் ஏழாம் நாளிலிருந்து சோறு தொண்டையில் இறங்கவில்லை.

*

எட்டு மணிக்கு மருத்துவச்சி அழகி வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் கையில் ஏந்தியவள் அவள்தான். தினமும் வந்து குளிப்பாட்டிவிட்டு, மடியில் வெற்றிலை கட்டிக்கொண்டு போவாள்.

கிணற்றடியில் பலகை போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஹபீபாவைத் தன் முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டுக்கொண்டாள். விளக்கெண்ணெயை முதுகில் தடவி, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் நீவினாள். பிறந்தபோது உரிந்து உரிந்து வந்த தோல் இப்போது பளபளவென்று இருந்தது. மைமூன் பீவி செம்பில் வெந்நீர் மொண்டு மொண்டு ஊற்றினாள். ரஹீமா துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தாள். பிள்ளை சிவந்துபோய்க் கத்தியது. கத்தி முடித்து ஒரு தும்மல் போட்டது. மூன்று பேரும் சிரித்தார்கள்.

“சதை வச்சிருச்சு,” என்று மைமூன் பீவி தொடையைத் தொட்டுக் காட்டினாள். “எல்லாம் நம்ம சுறாப்புட்டு.”

அழகி பிள்ளையைத் திருப்பிப் போட்டு மூக்கை நீவிவிட்டாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. இன்றைக்குச் சங்கிலி போடப் போகிறார்களாமே, தனக்கு என்ன சேலை என்று கேட்டாள். கேட்டுவிட்டு, பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“பொருத்தமான சோடிதான் பீவியம்மா. ரெண்டும் ஒரே மாருல பால் குடிச்சதுங்க. நாளைக்குப் புருசன் பொண்டாட்டியானாலும் சண்டை வராது, பாத்துக்கங்க.”

செம்பிலிருந்து விழுந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

“எது ரெண்டும்?” என்றாள் மைமூன் பீவி.

அழகி தான் பார்த்ததைச் சந்தோஷமாகவே சொன்னாள். பிள்ளை பிறந்த ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, மத்தியானம் வெற்றிலைக்கு வந்தபோது பார்த்தாளாம். ரம்லத் மகராசி இந்தக் குட்டியை ஒரு பக்கமும் தன் மகனை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாளாம். கண்ணுக்கு நிறைவாக இருந்ததாம். அழகி வீட்டில் அப்படித்தான். அவளுடைய மூத்த மகனுக்குப் பாதிப் பால் நாத்தனார் கொடுத்தது. அந்த நாத்தனார் மகளைத்தான் அவனுக்குக் கட்டிவைத்திருக்கிறது.

அழகிக்குத் தெரியாது. இந்த வீட்டு வழக்கம் வேறு. ஒரு பெண்ணிடம் வேறொருத்தி பெற்ற சிசு ஐந்து தடவை வயிறாரப் பால் குடித்துவிட்டால், அது அவளுக்கும் பிள்ளை. அவள் பெற்றவையெல்லாம் அதற்கு உடன்பிறப்பு. உலகம் உள்ளளவும் அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. ஓதுகிற பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுக்கிற சங்கதி இது.

மைமூன் பீவி சத்தம் போடவில்லை. செம்பைக் கீழே வைத்தாள். பேச்சுக் கேட்டு, சாகுலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரம்லத் கிணற்றடிக்கு வந்திருந்தாள். மைமூன் பீவி மகளைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எத்தனை தடவை?”

“நாலு உம்மா.” கேள்வி முடியும் முன்னால் பதில் வந்துவிட்டது. “மச்சிக்குக் காச்சலா இருந்தப்ப. கணக்கா நாலு.”

காய்ச்சல் ஒன்றும் இல்லை. ரஹீமா தலையைத் தூக்கவில்லை. ஈரத் தரையில் எண்ணெய் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணாம் நாளே பால் வந்துருச்சுன்னு சொன்னியேம்மா,” என்றாள் மைமூன் பீவி மருமகளிடம். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. புரியாமல் கேட்கிற குரல். ரஹீமா துண்டால் பிள்ளையைச் சுற்றி வாங்கிக்கொண்டாள். பிள்ளையின் தலையைத் துடைப்பதுபோல் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நாலு என்றால் பாதகமில்லை என்று மைமூன் பீவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ரம்லத்தின் வாப்பா காதில் போட்டுவிடுவது நல்லது என்று எழுந்து போனாள். தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தெரியாமல், அழகி எண்ணெய்க் கையோடு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

*

நாற்பதாம் நாள் தலைமுழுக்கு. ரஹீமாவுக்கு ரம்லத்தான் தண்ணீர் ஊற்றினாள். வேப்பிலை போட்ட தண்ணீர். தட்டிக்குள் இரண்டு பேர் மட்டும்.

வாப்பா வந்து கேட்பார், நாலு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள் ரம்லத். நாலு நடந்தது நிஜம்தானே என்றாள். 

“அந்தக் கடைசித் தடவை பாதியிலேயே தூங்கிருச்சு மச்சி. வயிறு நெறையக் குடிக்கலை. அது கணக்குல வராது.”

ரஹீமா கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணீர் முகத்தில் வழிந்தது.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அவள் நினைவுக்கு வந்தது. பிள்ளை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்கள், அவள் தூங்குகிறாள் என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள். தாய் முகம் பார்க்காத பொண்ணு, அவளுக்குப் பால் எங்கிட்டு இருந்து ஊறும் என்றாள் ஒருத்தி. அவர்கள் போனதும் மைமூன் பீவி முதல் கிண்ணம் சுறாப்புட்டைக் கொண்டுவந்தாள். பூண்டும் மிளகும் மணக்க மணக்க ஊட்டியே விட்டாள். ஊட்டிவிட்டு, பால் வந்துச்சாம்மா என்று கேட்டாள். அந்த முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து ரஹீமா தலையை ஆட்டிவிட்டாள். மைமூன் பீவி நேரே கொல்லைச் சுவருக்குப் போய் அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கே சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது, மைமூன் பீவி கைப் புட்டு இரண்டு கவளம் சாப்பிட்டால் போதும், பால் ஓடி வரும் என்று.

பால் வரவில்லை. சொட்டுச் சொட்டாக எதுவோ வந்தது. ஹபீபா அதைச் சப்பிவிட்டுத் தன் கைமுட்டியை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பசித்த சிசுவின் கை முட்டியாக மூடியிருக்கும் என்பதை ரஹீமா அந்த நாட்களில் கற்றுக்கொண்டாள். பிரிக்கப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. அத்தனை சின்னக் கைக்கு அத்தனை பலம் எங்கிருந்து வரும் என்று தெரியாது.

ரம்லத் தானாகவே கண்டுபிடித்தாள். மத்தியானம், மைமூன் பீவி தொழுதுவிட்டுக் கண் அசந்த நேரம். அவள் எதுவும் கேட்கவில்லை. இங்கிட்டுக் குடுங்க என்று கையை நீட்டினாள். ஹபீபா குடிக்கக் குடிக்க, மூடியிருந்த முட்டி தளர்ந்தது. ஒவ்வொரு விரலாக விரிந்தது. கடைசியில் உள்ளங்கை இளம் வெற்றிலை மாதிரி விரிந்து கிடந்தது. ரஹீமா அதைப் பார்த்துக்கொண்டே அழுதாள். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினாள். நான் ஏன் சொல்லப்போறேன் என்றாள் ரம்லத். அன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் பாலைப் பற்றிய அந்தச் சட்டம் நினைவுக்கு வரவேயில்லை. பசிதான் கண்ணுக்குத் தெரிந்தது.

மறுநாள், அதற்கு மறுநாள், அதற்கும் மறுநாள். ஆக நாலு.

ஏழாம் நாள் முன்கட்டில் வாப்பா சொல் கொடுத்த சத்தம் அறைக்குள் கேட்டதும் ரம்லத் வெளுத்துப்போனாள். ரஹீமாவின் காதருகே வந்து, இதுவரைக்கும் நாலுதான், இனிமேல் கூடாது என்று விரலை எண்ணிக் காட்டினாள். ரஹீமாவும் சரி என்றாள்.

அன்று அந்தி. விருந்துச் சட்டிகளைக் கழுவுகிற சத்தம். ஹபீபா அழத் தொடங்கினாள். ரஹீமா சீனித்தண்ணீர் கொடுத்தாள், துப்பிவிட்டது. ஆட்டுப்பாலில் துணித்திரியை நனைத்து வைத்தாள், கக்கிவிட்டது. அழுகை கம்மிக் கம்மிக் கடைசியில் கோழிக்குஞ்சு கத்துவது மாதிரி ஆயிற்று. பள்ளியில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். ரஹீமா எழுந்தாள். ரம்லத்தின் படுக்கை நாலு எட்டுத் தூரம். ரம்லத் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ரஹீமா பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

திரும்பிக்கொண்டது கொஞ்ச நேரம்தான். பிறகு பார்த்தாள். பிள்ளை தானாகவே வாயை எடுத்தது. உதட்டோரம் பால் வழிந்தது. கை விரிந்து கிடந்தது.

மறுநாள் விடியற்காலை அவள் கண் விழித்தபோது ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. பால்.

ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் போதும்.

“என்ன மச்சி, ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க?” ரம்லத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள். “அவர் கப்பல் ஏறினப்புறம் மூணு வருசம் நான் அந்த மாமிகூடத்தான் இருக்கணும். இந்தச் சொல்லுக்காகத்தான் அவங்க இந்த வீட்டுக்கே வாராங்க. வெறும் கையோட அனுப்பினா, அங்கிட்டு நான் எந்த மொகத்தோட குடியிருப்பேன்?”

பிள்ளைகள் வளர இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கிறது என்றும் அவள் சொன்னாள். அதற்குள் எத்தனையோ நடக்கும். ஏதாவது சாக்குச் சொல்லி அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம். நம் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?

ரஹீமா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டாள். இவள் என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவள். இவள் கேட்பது ஒரே ஒரு எண்.

*

நாற்பது நாளைக்குப் பிறகு ரஹீமா தொழுகைப் பாயை விரித்தாள். மத்தியான லுஹர் நேரம். தொழுது முடித்து, கையை ஏந்தினாள். ஏந்திய கையில் கேட்பதற்கு எதுவும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கு என்று தெரியவில்லை. பொய் சொன்னதற்கா? பிள்ளைப் பசியை ஆற்றியதற்கா? இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

பாயைச் சுருட்டும்போது நடையில் செருமல் கேட்டது. ஜெய்னுலாப்தீன். மருமகளோடு பேசவேண்டுமென்றால் அறைத் திரைக்கு வெளியே, கொல்லையைப் பார்த்தபடி நின்றுதான் பேசுவார்.

கருவாட்டு வியாபாரி அவர். மூட்டையில் உப்புக் குறைந்திருந்தால், வாங்க வந்தவனிடம் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். கீரமங்கலம் சந்தையில் ஜெய்னுலாப்தீன் மூட்டை என்றால் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

“ரம்லத் நாலுன்னு சொல்றா,” என்றார். “அவ சொன்னதை நம்பாம இல்லை. ஆனா பெத்தவ நீ. ஒன் வாயால ஒரு சொல்லு கேட்டுட்டா என் மனசு அடங்கிரும்மா.”

அறைக்குள் ரம்லத் தூளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். மைமூன் பீவி புட்டுக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றாள். இந்த நாற்பது நாளில் அந்தக் கிண்ணம் ஒரு நாள் தவறியதில்லை.

“அஞ்சு மாமா,” என்றாள் ரஹீமா.

“அது அஞ்சாகாது வாப்பா,” என்றாள் ரம்லத் உடனே. “அஞ்சாவது பாதியிலேயே தூங்கிருச்சு.”

நடையில் மறுபடி ஒரு செருமல் கேட்டது.

“அப்படியாம்மா?” என்றார் ஜெய்னுலாப்தீன். “தூங்கிருச்சா?”

தப்பிக்க ஒரு கதவு திறந்திருப்பது ரஹீமாவுக்குத் தெரிந்தது. அவரே திறந்துவைத்திருந்தார். உம் என்று சொன்னால் போதும், வீட்டில் எல்லோரும் அதன் வழியாக வெளியே போய்விடலாம்.

“இல்லை மாமா. அதுவா வாயை எடுத்துச்சு. கை விரிஞ்சிருந்துச்சு.” அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “ரம்லத் வேணாம்னுதான் சொன்னா. நீங்க சொல்லு குடுத்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொண்டுபோயி அவ மடியில போட்டேன். எனக்குக் காச்சல் இல்லை. பால் வரலை. வந்துருச்சுன்னு மாமிகிட்டப் பொய் சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் கூசியது. முழுகின தலையிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெய்னுலாப்தீன் பேசியது, யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்லிக்கொண்டது மாதிரி இருந்தது.

“பெத்தவங்க ரெண்டு பேரும் உள்ளதான் இருந்தீங்க. ஒரு வார்த்தை கேக்காம நாலு பேர் முன்னால சொன்னவன் நான்.”

அவர் செருப்புச் சத்தம் முன்கட்டுக்குப் போயிற்று. எப்போதும் டக் டக்கென்று நடக்கிறவர், இழுத்து இழுத்து நடந்தார்.

மைமூன் பீவி கிண்ணத்தை ஜன்னல் மாடத்தில் வைத்தாள்.

“நித்தம் வந்து ஊட்டினேனே. ஒரு தடவை சொல்லியிருக்கலாமுல்லம்மா?”

“வெக்கமா இருந்துச்சு மாமி.”

“எங்கிட்டயா?”

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். ரஹீமாவுக்கு அதைவிட ஒரு அறை வாங்கியிருக்கலாம் போல இருந்தது.

ரம்லத் சாகுலைத் தூளியிலிருந்து எடுத்துக்கொண்டு அறையின் அந்தக் கோடிக்குப் போனாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள்.

“நீங்களே அவங்ககிட்டச் சொல்லிக்கங்க,” என்றாள் திரும்பாமலே. “நான் சொல்ல மாட்டேன்.”

*

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அலாவுதீனும் அவன் தாயும் இறங்கினார்கள். முன்கட்டில் ஜெய்னுலாப்தீன் அவர்களை உட்காரச் சொல்லி, ஏதோ பேச வாயெடுப்பது உள்ளே கேட்டது. ஆனால் வந்தவளுக்கு முன்கட்டில் என்ன வேலை? ஆண்களை அங்கே விட்டுவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தோளில் இறக்கியபடி நேரே அறைக்குள் வந்துவிட்டாள்.

கனத்த உடம்பு. வண்டிக் குலுக்கலில் மூச்சு வாங்கியது. பாயில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

“எங்கே அந்தக் குட்டி? இங்கிட்டுக் கொண்டா.”

ரஹீமா தூளியிலிருந்து ஹபீபாவை எடுத்து அவள் மடியில் வைத்தாள். மடியில் விழுந்ததும் பிள்ளை கண்ணை முழித்துக்கொண்டு, அவள் காதில் ஆடிய அலுக்கத்தைப் பார்த்தது. கிழவி முகம் மலர்ந்துவிட்டது. என்ன நிறம், என்ன மூக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மகிழ்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கோடியில் உட்கார்ந்திருந்த மருமகளின் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

“ரெண்டு வருசமா வராம இருந்தது எந் தப்புதான். அதைச் சொல்லிப்புட்டுத்தான் ஒக்காரணும்னு வண்டியில நெனச்சுக்கிட்டே வந்தேன்.”

ரம்லத்தின் முதுகு அசையவில்லை.

கிழவி இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தாள். பட்டுத்துணிக்குள்ளிருந்து மெல்லிய சங்கிலி வெளியே வந்தது. அதைப் பிள்ளையின் முகத்துக்கு மேலே பிடித்து ஆட்டிக் காட்டினாள். பிறகு கழுத்தை நோக்கி இறக்கினாள்.

ரஹீமா அந்தக் கையைப் பிடித்தாள்.

“பொறுங்க மாமி.”

கிழவி நிமிர்ந்து பார்த்தாள்.

“இவ ஒங்க பேரனுக்குத் தங்கச்சி,” என்றாள் ரஹீமா. “எனக்குப் பால் வராம இருந்தப்ப ரம்லத்துதான் குடுத்தா. அஞ்சு தடவை. அவ மேல தப்பில்லை. நாந்தான் கொண்டுபோயிக் குடுக்கச் சொன்னேன்.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மைமூன் பீவி வாசற்படிக்கு வந்திருந்தாள். முன்கட்டில் பேசிக்கொண்டிருந்த அலாவுதீனின் குரலும் நின்றுபோயிற்று. திரைக்கு அப்பால் இரண்டு பாதங்கள் வந்து நின்றன.

கிழவி கோபப்படுவாள் என்று ரஹீமா எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை. சங்கிலியை இறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மறுபடியும் மருமகளின் முதுகைப் பார்த்தாள். இந்தத் தடவை வேறு மாதிரிப் பார்த்தாள்.

“ரம்லத்து,” என்றாள். “வாரா வாரம் எம் மகன் இங்க வந்துட்டுத்தானே போனான். அவன்கிட்ட இதைச் சொன்னியா?”

ரம்லத் மெல்லத் திரும்பினாள். அவள் பார்வை மாமியிடம் போகவில்லை. திரைக்கு அடியில் தெரிந்த பாதங்களுக்குப் போயிற்று.

அப்போது ஹபீபா சிணுங்கினாள். ஆடிக்கொண்டிருந்த சங்கிலியின் ஒரு முனை அவள் உள்ளங்கையில் பட்டிருந்தது. பட்டதும் பிடித்துக்கொண்டாள். கை முட்டியாக மூடிக்கொண்டது. வாய் கோணி, முகம் சிவந்து, அழுகை வெடித்தது.

அந்த அழுகை காதில் விழுந்த மாத்திரத்தில் ரஹீமாவின் மார்பு இறுகி, புது ரவிக்கையின் இரண்டு பக்கமும் நனைந்தது. எல்லோரும் பார்த்தார்கள். அவள் துப்பட்டியை இழுத்து மறைக்கவில்லை. குனிந்து, கிழவியின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

பிள்ளை குடிக்கத் தொடங்கியது. சங்கிலியின் ஒரு முனை அதன் முட்டிக்குள் இருந்தது. மறுமுனை கிழவியின் விரலில் இருந்தது. யாரும் இழுக்கவில்லை. அந்தக் கை எப்போது விரியும் என்று அறை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.